டெஸ் ட்ரெவின் அடித்த ஹாரன்

ஃபுட்டி என்று நாங்கள் சொல்லும் ஆஸ்திரேலியக் கால்பந்தில் நான் தடுப்பாட்டக்காரன். எதிரணி டெஸ் ட்ரெவினைக் கோல் போட விடாமல் ஒட்டிக்கொண்டு நிற்பதிலேயே என் வயது போனது. அவன் சிரித்தால் என் விலாவில் முழங்கை இறங்கும்.

ஓய்வு பெற்றுக் கிழடான பிறகு, போன சனிக்கிழமை ஆட்டம் பார்க்கப் போனபோது, மைதான ஓரம் நின்ற தன் காருக்குள் என்னைக் கூப்பிட்டான்.

"வாடா கிளாரி, வெளிய குளிருது. சூடா மீட் பை வாங்கி வச்சிருக்கேன்."

"என்னடா திடீர்ப் பாசம்?"

"சும்மா ஏறுடா."

ஏறினேன். அந்த இறைச்சிப் பண்டத்தை முகர்ந்து பார்த்தேனே தவிர, தின்னவில்லை.

அவன் அணி கோல் போட்டதும் மைதானத்தைச் சுற்றி நின்ற அவன் ஊர்க் கார்களெல்லாம் வழக்கம்போல் ஹாரன் அடித்தன. டெஸ் கொஞ்சம் பிந்தி அடித்தான். அடுத்த கோல் எங்களுடையது. எங்கள் கார்கள் அலறின. அதற்கும் அடித்தான்.

"டேய், அது எங்க கோலுடா!"

அவன் கை அப்படியே நின்றது. பார்வை பந்தோடு போகவில்லை.

"கண்ணு எப்பலேர்ந்துடா தெரியல?"

"போன வருஷம். பொண்ணுதான் கார் ஓட்டிட்டு வந்தா. நீ நிக்கறதையும் அவதான் சொன்னா."

"அதுக்கு நான் எதுக்கு?"

"பந்து எங்க வரும்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானேடா, நாசமாப் போனவனே."

"இடது பக்கம் வருது," என்றேன்.

டெஸ் சிரித்தான். நான் சட்டென்று விலாவை மூடிக்கொண்டேன்.