குடை விரிந்து நிற்கும் நேரம்

குடைக்காரரை மூன்றாம் பாகத்தில் என்ன செய்யப் போகிறார்கள் என்று உலகத்தில் பாதிப் பேருக்குக் கவலை. மீதிப் பேருக்கு அந்த ஆள் ஒழிந்தால் போதும். முடிவெடுக்க வேண்டியவனோ, ஆபீஸ் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு, கண்ணாடியில் தெரிந்த தன்னையே திட்டிக்கொண்டிருந்தான்.

அவனை வீட்டில் தம்பி என்று கூப்பிடுவார்கள். ஆபீசிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. சண்டை விளையாட்டு ஒன்றில் வரும் ஆட்களின் பலத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் வேலை. யார் குத்தினால் எவ்வளவு வலிக்கும், யார் எவ்வளவு உயரம் தாவலாம், விழுந்தவன் எத்தனை சீக்கிரம் எழலாம் என்பதெல்லாம் அவன் கையில். கேட்பதற்குக் கடவுள் வேலை மாதிரி இருக்கும். உண்மையில் முகம் தெரியாதவர்களிடம் தினமும் வசவு வாங்குகிற வேலை.

குடைக்காரர் அந்த விளையாட்டின் முதல் பாகத்திலிருந்தே இருக்கிறார். ஒல்லி உடம்பு, வழுக்கை, தொப்புளுக்கு மேல் ஏறிய கால்சட்டை, கையில் ஒரு கறுப்புக் குடை. மற்றவர்கள் நெருப்பைக் கக்கி, இரும்புக் கையால் அறைந்து அமர்க்களப்படுத்தும்போது இவர் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நிற்பார். யாராவது அடிக்க வந்தால் குடையை விரிப்பார். முதல் பாகத்தில் அந்தக் குடை அடியைத் தடுக்கும், அவ்வளவுதான். அதற்குத் திருப்பி அடிக்கத் தெரியாது; அடித்துக் களைத்தவனை இவரே ஒரு தள்ளு தள்ள வேண்டும். அவரை எடுத்து ஆடியவர்கள் ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சப் பேரில் ஒருத்தி அக்கா.

"இத்தனை பேர்ல இந்த ஆளுக்கு மட்டும்தான்டா சண்டை போட இஷ்டமே இல்லை. அதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்பாள். சண்டை போட இஷ்டமில்லாத அந்த ஆளை வைத்துக்கொண்டு தம்பியை ஞாயிற்றுக்கிழமைதோறும் துவைத்துக் காயப் போடுவாள். அப்போது அவளுக்கு அப்படி ஒரு கை.

பிறகுதான் அந்த விபத்து. அக்காவுக்குப் பேக்கரியில் வேலை. மாவு பிசைகிற இயந்திரம் ஒருநாள் அவள் இடது கையை உள்ளே இழுத்துக்கொண்டது. கை தப்பியது. ஆனால் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டன. வளை என்றால் யோசித்துத்தான் வளையும். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் "ஐயோ பாவம்" என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். உப்பு டப்பாவை எடுத்துக் கொடுக்க வந்த கணவனைக்கூடக் கரண்டியால் விரட்டினாள்.

கட்டு அவிழ்த்த வாரமே தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "எல்லாரும் விட்டுக் குடுக்கறாங்கடா. நீயாவது ஒழுங்கா ஆடு. விட்டுக் குடுத்தேன்னு தெரிஞ்சுது, அன்னைக்கோட நம்ம ஆட்டம் சரி" என்றாள்.

அவன் ஒழுங்காகத்தான் ஆடினான். அவள் தோற்றாள், தோற்றாள், தோற்றுக்கொண்டே இருந்தாள். திசையைக் காட்டுவது இடது கட்டைவிரல், குடையை விரிப்பது இடது சுட்டுவிரல்; அவை வந்து சேர்வதற்குள் குடைக்காரர் தரையில் கிடப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் தலைவலிக்கிறது என்று படுக்க ஆரம்பித்தாள்.

அவன் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுடைய பலத்தை மாற்றினால், ஆபீசைச் சேராத யாரோ ஒருவரோடு ஆடிப் பார்க்க வேண்டும். அவரை 'வெளி ஆள்' என்பார்கள். வெற்றியும் தோல்வியும் சரிபாதியாக வரும்வரை மாற்றிக்கொண்டே போக வேண்டும். வெளி ஆள் யார் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாம் பாகத்துக்கு வேலை நடந்துகொண்டிருந்த நேரம் அது. தம்பி, இன்னும் வெளிவராத விளையாட்டை ஏற்றிய சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான்.

வாராவாரம் அவன் மாற்றியது ஒன்றே ஒன்றைத்தான்: விரித்த குடை எவ்வளவு நேரம் விரிந்தே நிற்கும் என்பதை. தன் விரல் தாமதமாகும் என்று தெரிந்த அக்கா, அடி விழுவதற்கு வெகு முன்பே குடையை விரித்துவிடுவாள். பாவி மனிதர் அடி வருவதற்குள் மடக்கிவிடுவார். அதனால் தம்பி கொஞ்சம் நீட்டினான். போதவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினான். ஆட்டத்தில் அவன் தம் பிடித்துத்தான் ஆடினான்; விட்டுக் கொடுத்ததெல்லாம் குடைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெற்றியும் தோல்வியும் சரிபாதியாக வந்தன. அக்காவுக்குத் தலைவலி போயிற்று. அவன் திங்கட்கிழமை அந்த நேரத்தை அப்படியே பதிவு செய்து உலகத்துக்கு அனுப்பிவைத்தான்.

உலகத்துக்கோ விரல்கள் நன்றாக வளைந்தன. இரண்டாம் பாகத்தில் குடை பட்ட அடியைத் திருப்பியும் அடிக்கும். அது கல்யாணப் பந்தல் மாதிரி விரிந்தபடியே நின்றால் என்ன ஆகும்? எல்லோரும் குடைக்காரரை எடுத்தார்கள். பெரிய போட்டி ஒன்றின் கடைசி ஆட்டத்தில் இரண்டு குடைக்காரர்கள் எதிரெதிரே குடையை விரித்துக்கொண்டு, நீ முதலில் வா, நீ முதலில் வா என்று நின்றார்கள். வர்ணனை செய்தவர் பேச ஒன்றுமில்லாமல், மழை வரும் போலிருக்கிறது என்றார். பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். விளையாட்டைச் செய்தவனைத் தேடிப் பிடித்து உதைக்க வேண்டும் என்று எழுதினார்கள்.

அந்த வசவெல்லாம் சேர்ந்துதான் இப்போது மூன்றாம் பாகத்துக்கான கூட்டமாக வந்து நின்றது. தலைமை அம்மாளுக்கு ஆபீசில் கத்தரி என்று பேர். எதைக் கண்டாலும் வெட்டுவார். ஆனால் ஏன் வெட்டுகிறோம் என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டுவார், அதுதான் கொடுமை.

"இந்தக் குடை நேரம் எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

"கணக்குல தப்பு பண்ணிட்டேன் மேடம்."

"தப்பு மாதிரி தெரியலையே. யாரோ ஒருத்தருக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி இருக்கு." திரையை இன்னொரு முறை பார்த்தார். "சரி. இமை மூடித் திறக்கற நேரம், அவ்வளவுதான் குடை நிக்கணும். இந்த வாரம் உங்க வெளி ஆளோட ஆடிப் பார்த்துட்டு திங்கக்கிழமை சொல்லுங்க."

அதற்குப் பிறகுதான் அவன் முகத்தைக் கழுவப் போனது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டுக் கூடத்தில் வழக்கம் போல எல்லாம் இருந்தது. மாமா மேசையில் போர்வையை விரித்து வாரத்துச் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அக்கா தரையில் சோபாவின் கைப்பிடியில் முதுகைச் சாய்த்து, திரைக்கு நேராக இல்லாமல், தம்பியைப் பார்த்தாற்போல் கோணலாக உட்கார்ந்தாள். விபத்துக்கு முன்பிருந்தே அவள் அப்படித்தான் உட்காருவாள். அது ஏன் என்று தம்பி யோசித்ததே இல்லை.

"புதுப் பாகமா? எங்க ஆளுக்கு என்ன புதுசா குடுத்திருக்கே?" என்றாள். முகமெல்லாம் ஆசை.

"ஆடிப் பாரு."

ஆடினாள். குடையை விரித்தாள். அது டப்பென்று மடங்கிக்கொண்டது. அடி விழுந்தது. மறுபடி விரித்தாள், மறுபடி மடங்கியது.

"என்னம்மா, ஓட்டைக் குடையா?" என்றார் மாமா. அக்கா அடுத்த சுற்றைத் தொடங்கினாள். அவள் முகத்தைப் பார்த்து மாமா இஸ்திரிக்குத் திரும்பினார். பிறகு இஸ்திரிப் பெட்டியின் சத்தமும், குடைக்காரர் விழுகிற சத்தமும்தான்.

தொடர்ந்து தோற்ற பிறகு அவள் ஆட்டக் கருவியை மடியில் வைத்தாள். வலது கையால் இடது கட்டைவிரலைப் பிடித்து மெதுவாக அமுக்கினாள். "என் கை இன்னும் மோசமாயிடுச்சாடா?" என்றாள். "டாக்டர் சொன்னாரு, போகப் போகக் கொறையலாம்னு. காலையில ரொட்டித் தட்டைப் பிடிக்கறப்போகூட நல்லாத்தான் இருந்துச்சு."

அவளுக்கு அப்படித் தோன்றும் என்று அவன் நினைத்தே பார்க்கவில்லை. சொல்லாமல் இருந்தால் கை போய்விட்டது என்று நினைப்பாள். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஞாயிற்றுக்கிழமை போனால் போகட்டும்.

"கை மோசமாகல, அக்கா. குடையைத்தான் வெட்டிட்டேன். போன பாகத்துல உனக்காக நீட்டியிருந்தேன்."

மாமா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

தம்பி ஒன்றுவிடாமல் சொன்னான். வெளி ஆள், சரிபாதி, வாராவாரம் நீட்டியது எல்லாம். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டான்.

"அப்போ ரெண்டாம் பாகம் பூரா விட்டுக் குடுத்துக்கிட்டே இருந்திருக்கே."

"நான் விட்டுக் குடுக்கல. சத்தியமா. ஒவ்வொரு ஆட்டமும் ஜெயிக்கத்தான் ஆடினேன்."

"குடை எனக்கு மட்டுமா நின்னுச்சு?"

"எல்லாருக்கும்தான். குடை ஒண்ணுதானே."

"உனக்குமா?"

"நானும்தான் குடைக்காரரை எடுத்துப் பார்த்திருக்கேனே. எனக்கும் அதே நேரம்தான்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்தக் கடைசி ஆட்டம்... ரெண்டு பேரும் குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்களே, மழை வரும் போலிருக்குன்னானே ஒருத்தன். அது?"

"அதுவும் உன்னாலதான்."

அக்காவின் உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று தம்பி பயந்தான். வெடித்துச் சிரித்தாள். சோபாவில் தலையை முட்டிக்கொண்டு, மூச்சு வாங்கி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மாமாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பாதுகாப்புக்குப் பாதி சிரித்தார்.

"பஸ்ல நான் கம்பியைப் பிடிக்கற வரைக்கும் ஒரு டிரைவர் காத்திருக்க மாட்டேங்கறான்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உலகம் பூரா என் ரெண்டு விரலுக்காகக் காத்துக்கிட்டு நின்னிருக்கு!"

பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா நீ பண்ணது தப்பு. என்கிட்ட சொல்லியிருக்கணும்."

"சொன்னா ஆட்டத்தை நிறுத்திடுவேன்னு சொன்னியே."

"நிறுத்தியிருப்பேன்தான்" என்று ஒப்புக்கொண்டாள். நேர்மையான மனுஷி. கருவியை மறுபடி கையில் எடுத்தாள். "எடு. இன்னொரு ஆட்டம்."

"குடையைக் கொஞ்சமாவது நீட்டிட்டு..."

"குடையைத் தொட்டே, எனக்கு வந்த கை உனக்கும் வரும்."

தம்பி எடுத்தது இரும்புக் கையன். முதல் அடிக்குப் பாய்ந்தான். குடை விரிந்தது, விரிந்த வேகத்தில் மடங்கியது. ஆனால் அந்த நடுவிலேதான் அடி போய் விழுந்தது. இரும்புக் கையன் பறந்து போய்ச் சுவரில் மோதினான். தற்செயல் என்று நினைத்தான். இரண்டாவது முறை காத்திருந்து, காலை வாரப் பார்த்தான். மறுபடி குடை. அவளுடைய விரல் அதே மெதுவான விரல்தான், பக்கத்திலேயே பார்க்கிறான், யோசித்து யோசித்துத்தான் வளைகிறது. ஆனாலும் போய்ச் சேர வேண்டிய நேரத்துக்குச் சேர்ந்துவிடுகிறது. இரும்புக் கையன் மூன்றாம் முறையாக மல்லாந்தான். திரையில் குடைக்காரர் குடையை உதறி மடக்கினார்.

"எப்படி?" என்றான் தம்பி. வெறும் தோல்வி என்றால் தாங்கிக்கொள்வான். இது அவன் தொழிலையே கேலி செய்தது. "இவ்வளவு சின்ன நேரத்துல உன்னால முடியவே முடியாது. கணக்கு போட்டுத்தான் பயந்துக்கிட்டே வந்தேன்."

"நான் திரையைப் பார்த்தா ஆடறேன்?"

"பின்னே?"

"உன் வாயை. அடிக்கணும்னு நெனச்சா உன் நாக்கு ஓரமா வெளிய வரும். ஸ்கூல்ல கணக்கு போடறப்போலேர்ந்து அப்படித்தான். நாக்கு வந்ததும் நான் குடையை விரிச்சிடுவேன், நீ அடிக்கற வரைக்கும் அது நிக்கும். இப்போ நிக்கல. அதான் இவ்வளவு நேரம் தோத்தேன்."

"அப்புறம் எப்படி இப்போ..."

"நாக்கு வெளிய வந்தா நீ யோசிக்கறே. உள்ள போச்சுன்னா அடிக்கறே. உள்ள போறதுக்குக் காத்திருந்தேன்."

கோணலாக உட்காருவது ஏன் என்று இத்தனை காலம் கழித்து அவனுக்கு உறைத்தது. மாமாவைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கே தெரியும் மச்சான்" என்றார் மாமா, சட்டையை மடித்தபடி. "ஊருக்கே தெரியும். நீதான் கண்ணாடி பார்த்து ஆடறதில்லை."

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தின் முன்னால் ஒரு குடையை அத்தனை நேரம் பிடித்து நின்று வசவு வாங்கியிருக்கிறான். இவளோ அந்த நேரமெல்லாம் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நாளைக்குக் கத்தரியிடம் என்ன சொல்வது? சரிபாதி வரவில்லை மேடம், எங்கள் வெளி ஆள் என்னை ஜெயித்துக்கொண்டே இருக்கிறாள் என்றா?

"இங்க பாரு" என்றாள் அக்கா. அடுத்த சுற்று தொடங்கியிருந்தது. "நாலாம் பாகம் வரும், அஞ்சாம் பாகம் வரும். அந்த மனுஷனை என்ன வேணா பண்ணிக்கோ. குடையையே பிடுங்கிட்டாலும் சரி, நான் சமாளிச்சுக்கறேன். உன் மூஞ்சியை மட்டும் மாத்திடாதே."

தம்பி என்ன பதில் சொல்வது என்று யோசித்தான். யோசித்து முடித்துத் திரையைப் பார்ப்பதற்குள் குடை விரிந்துவிட்டது.