வடிகட்டியில் இருந்தது

அத்தான் குடித்து மிச்சம் வைத்த டீ கிளாஸை இஞ்சின் மேலேயே விட்டுப் போவார். சற்று நேரத்தில் அதில் ஒரு ஈ மிதக்கும். என் ஸ்க்ரூடிரைவரால் காது குடைவார். குடைந்ததைத் துடைக்காமலே டப்பாவில் திருப்பிப் போடுவார். அக்காவின் புருஷன் என்கிற ஒரே காரணத்துக்காக இந்த மனிதரை இத்தனை வருஷமாகச் சகித்துக்கொண்டிருக்கிறேன்.

பட்டறை அப்பாவுடையது. பழைய கார்களை வாங்கி, சரிசெய்து, விற்று அவர் பேர் எடுத்த இடம். அவர் போன பிறகு ரிப்பேர் என் தலையில், விற்பனை அத்தான் தலையில். மாடியில் அவர்கள் குடித்தனம். பெயர்ப்பலகையில் மட்டும் இன்னும் அப்பா பெயர்தான் இருக்கிறது. அதை மாற்றலாம் என்று அத்தான் ஒருமுறை வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்.

அன்று, வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் குழியின் மேல் நின்றது என்னைவிட வயதில் மூத்த ஒரு பச்சைக் கார். அதில் ஓவர்டிரைவ் உண்டு. டாப் கியரில் போகும்போது டாஷ்போர்டில் ஒரு சின்ன சுவிட்சைத் தட்டினால், கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் பெட்டி இன்னொரு கியர் போல வேலை செய்யும். வேகம் குறையாது, இஞ்சினின் கூச்சல் மட்டும் தணியும். அந்த சுவிட்சுக்காகவே ஒரு பல் டாக்டர் வண்டியின் மேல் ஆசைப்பட்டார். மறுநாள் அம்மாவை உட்காரவைத்து மலைப்பாதையில் போகத் திட்டம். "நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எனக்கு அது போதும்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். சாயங்காலம் வருகிறார். சுவிட்சைத் தட்டினால் ஓவர்டிரைவ் அசையவே இல்லை.

"ஃபியூஸ் போயிருக்கும் மச்சான்" என்றார் அத்தான், காதுக்குள் விரலை விட்டபடி.

ஃபியூஸ் இல்லை. சுவிட்சைத் தட்டும்போதெல்லாம் அடியில் கரண்டில் இயங்கும் காந்தமான சாலினாய்டு 'டக்' என்று இழுத்தது. கரண்ட் ஒழுங்காகப் போகிறது என்றால், கோளாறு எண்ணெய் அழுத்தத்தில். அழுத்தம் பார்க்கும் மீட்டரை மாட்டி, பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன். முள் லேசாக எழுந்து, சோம்பேறிப் பயல் மாதிரி மறுபடி படுத்துக்கொண்டது. உள்ளே பம்புக்கு எண்ணெய் போய்ச் சேரவில்லை. வழியில் எதுவோ அடைத்திருக்கிறது.

குழிக்குள் இறங்கி அடிமூடியைத் திறந்தேன். வந்தது எண்ணெய் இல்லை, கூழ். கரும்பழுப்பாய், கொழகொழவென்று என் முழங்கை வரை வழிந்தது. ஊறி அழுகிய மரத்தின் நாற்றம் மூக்கில் ஏறியது. ஓவர்டிரைவின் வடிகட்டியைக் கழற்றி விரலால் வழித்தேன். மரத்தூள்.

இது திருட்டு வியாபாரிகளின் வேலை. பல் தேய்ந்த கியர்பாக்ஸ் போகும்போது ஊளையிடும். எண்ணெயில் மரத்தூளைக் கலந்துவிட்டால் ஊளை அடங்கும். வாங்கியவன் ஊர் போய்ச் சேர்ந்து, கொஞ்ச நாள் ஓட்டி, ஏதாவது ஒரு வளைவில் கியர் இறுகி நிற்கும்போதுதான் குட்டு உடையும். செய்த மடையனுக்கு ஒன்று தெரியவில்லை. இந்த வண்டியில் கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே எண்ணெய். தூள் அப்படியே போய் வடிகட்டியை அடைத்து, எதைக் காட்டி விற்க வேண்டுமோ அதையே கொன்றுவிட்டது.

மேலே ஏறி வந்து, அத்தானின் மூக்குக்கு நேராகக் கையை நீட்டினேன்.

"இது உங்க வேலைதான?"

அவர் மாடிப்படியை ஒரு தரம் பார்த்தார். "ஆமா மச்சான். நான்தான் போட்டேன்."

"வெக்கமா இல்ல? ஒரு வயசானம்மாவ உக்காரவச்சு மலை ஏறப் போறாரு அந்த மனுஷன்."

"தப்புதான். இந்த வண்டியும் போகலேன்னா கடைய மூட வேண்டியதுதான், அந்த நெனப்புல பண்ணிட்டேன்."

"எப்படிப் போட்டீங்க?"

"எப்படின்னா... பானெட்டத் தூக்கி, மேல இருக்குற மூடியத் தெறந்து, ரெண்டு கை அள்ளிப் போட்டேன்."

பானெட்டுக்குள் இருப்பது இஞ்சின் எண்ணெய் மூடி. கியர்பாக்ஸுக்கு ஊற்றும் வழி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், கம்பளத்துக்கு அடியில் இருக்கிறது. இந்த மனிதருக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

ஒரு சிட்டிகைத் தூளைப் பெட்ரோலில் அலசிப் பார்த்தேன். ஒரு சிராய் இல்லை, ஒரு கட்டி இல்லை. மாவு போல ஒரே சீராக இருந்தது. யாரோ பொறுமையாக உட்கார்ந்து சலித்திருக்கிறார்கள். குடித்த கிளாஸைக் கழுவாத ஆள் மரத்தூளைச் சலிப்பாரா?

"அவர விடு" என்றது படியின் அடியிலிருந்து ஒரு குரல். அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி நின்றிருந்தாள். "நான் போட்டது."

"நீ சும்மா இரு" என்று அத்தான் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார்.

எனக்கு வந்த அருவருப்பை எங்கே துப்புவது என்று தெரியவில்லை. "உனக்கு யாருக்கா இத சொல்லிக் குடுத்தா?"

அவள் சுவரைப் பார்த்தாள். சுவரில் அப்பாவின் படம்.

"பொய் சொல்லாத."

"நீ ஸ்கூலுக்குப் போனப்புறம் என்னக் கூப்பிடுவாரு. வீட்டுச் சல்லடையில நல்லா சலிக்கணும்மா, பெருசா இருந்தா வாங்குறவன் கையில மாட்டிக்கும்பாரு. அப்புறம் அதே சல்லடைய கழுவி அம்மாகிட்ட குடுத்துடுவேன்." குரலில் அழுகை கூட இல்லை. "அப்ப வந்த எந்த வண்டியிலயும் ஓவர்டிரைவ் கெடையாது. அதுக்கும் இதே எண்ணெய்தான்னு தெரியாமத்தான் மாட்டிக்கிட்டேன். இல்லேன்னா உனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

தெரிந்திருக்காது. சத்தமில்லாமல் ஓடுகிறதே என்று சந்தோஷப்பட்டு, சரி என்று நானே வாயால் சொல்லியிருப்பேன். அந்தச் சல்லடையில் சலித்த மாவைத்தான் நான் தின்று வளர்ந்தேன். கையைச் சோப்பு போட்டுத் தேய்த்தேன், மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். நாற்றம் போகவில்லை.

"அதச் சுத்தம் பண்ணி, புது எண்ணெய் ஊத்திக் குடுத்துடலாம் மச்சான்" என்றார் அத்தான் மெதுவாக.

"அப்பவும் கியர் தேஞ்சதுதான அத்தான்? மலை மேல நின்னுபோனா?"

அவர் பச்சைக் காரின் மேல் இருந்த டீ கிளாஸை எடுத்துக்கொண்டுபோய், குழாயடியில் கழுவிவைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

டாக்டர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, முகம் கொள்ளாத சிரிப்பு. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, கூரையைத் தடவிக் கொடுத்தார்.

"என்ன மெக்கானிக் சார், ரெடியா? அம்மா இப்பவே பெட்டியக் கட்டிட்டாங்க" என்றவர், சுவரில் இருந்த படத்தைப் பார்த்ததும் கை கூப்பினார். "இவரு பேரப் பாத்துத்தான் நான் இங்கயே வந்தேன். எங்கப்பா முதமுதல்ல கார் வாங்குனது இவருகிட்டதான். கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பாரு, வாங்குன புதுசுல கியர்பாக்ஸ் இருக்குறதே தெரியாதாம். அவ்வளவு அமைதியாம்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தான் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும், சொல்லிவிடு என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

நான் தட்டில் இருந்த வடிகட்டியை எடுத்து, துடைக்காமல், டாக்டரின் சுத்தமான கையில் வைத்தேன்.

"மோந்து பாருங்க டாக்டர்" என்றேன். "அந்த அமைதி இதுதான்."