சம்பந்திக்கு வைத்த மீன்தலை

மகனின் கல்யாணப் பந்தியில் எங்கள் குலத்துப் பெரியவர் தொக்தொசுன் வாயை விட்டுவிட்டார்.

"சம்பந்தி, அடுத்த கோடையில எங்க மலைக்கு வாங்க. ஆடு அறுக்கப் போறதில்ல. என் கையால பிடிச்ச டிரவுட் மீன்லதான் உங்களுக்கு விருந்து!"

அவர் அதுவரை ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. எங்கள் குலம் ஆடும் குதிரையும் மேய்த்த குலம். ஆனால் மருமகளின் அப்பா கச்கின்பை இசிக்குல் ஏரிக்கரைக்காரர். அன்று பந்தி முழுக்க மீன் பெருமையே பேசினார். கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது எங்கள் குலத்து வழக்கமில்லை.

கோடை வந்தது, சம்பந்தியும் வந்தார். சூசமிர் பள்ளத்தாக்கில் ஆற்றோரம் கூடாரம் போட்டார்கள். தொக்தொசுனின் மனைவி புருல் தேநீருக்குத் தண்ணீர் வைத்தபடி கேட்டாள்.

"ஏங்க, விருந்தாளிக்கு ஆட்டுத்தலை வைக்கணும், அவர் அதுல காதை அறுத்து வீட்டுல சின்னவங்களுக்குக் கொடுக்கணும். ஆடே இல்லாம எந்தத் தலையை வைப்பீங்க? உங்க தலையையா?"

"மீன் வரும். நீ அடுப்பைப் பாரு."

"வராட்டி பையில டப்பா மீன் இருக்கு."

டப்பா மீன்! சம்பந்திக்கு அதை வைத்தால் ஏரிக்கரை முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். பேரப்பிள்ளைகள் காலம்வரை அந்தப் பேச்சு ஓயாது. தொக்தொசுன் தூண்டிலை எடுத்துக்கொண்டு கரையில் போய் நின்றார். கொடிக்கம்பம் மாதிரி விறைப்பாக நின்றார். தலையில் உயரமான வெள்ளைக் கல்பாக், திருநாளுக்குப் போடுகிற கம்பளித் தொப்பி.

தெளிந்த நீரில் மீன்கள் நன்றாகவே தெரிந்தன. அவர் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், அத்தனையும் பாறைக்கடியில் ஓடி ஒளிந்தன. உச்சி வெயில் சாயும்வரை இதே கதைதான். சம்பந்தி புல்லில் சாய்ந்து, புளித்த குதிரைப்பாலான குமிஸைக் குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்.

"சம்பந்தி, உங்க தொப்பி பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியுது. மீனுக்குத் தெரியாதா? கழட்டிட்டுக் குனிஞ்சு போங்க."

"கழட்டுறதா? உங்க முன்னாடியா?"

"அப்ப மீனுங்களையும் எழுந்து நின்னு மரியாதை பண்ணச் சொல்லுங்க!"

புருல் கூடாரத்துக்குள் சிரிப்பது கேட்டது. பை திறக்கும் சத்தமும் கேட்டது.

அந்தச் சத்தம்தான் அவரை அசைத்தது. ஆனால் கழற்றி எங்கே வைப்பது? கல்பாக்கைத் தரையில் வைக்கக் கூடாது, இன்னொருவர் தலையில் வைக்கவும் கூடாது. கடைசியில் சம்பந்தியே எழுந்து வந்து, இரண்டு கைகளிலும் அதை வாங்கிக் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டார்.

வழுக்கைத் தலையோடு, வயிறு புல்லில் தேய, எங்கள் குலத்துப் பெரியவர் ஆற்றை நோக்கித் தவழ்ந்தார். நல்ல வேளையாக அவருடைய குதிரைகள் மலைக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தன. அவையாவது அவரை இனியும் மதிக்கும்.

தூண்டில் இழுத்தது. மீன்! விரல் நீளம்கூட இல்லை.

"இதை விட்டுடலாம், சம்பந்தி" என்றார் தொக்தொசுன் மெதுவாக.

"அதெப்படி? எனக்கு விருந்துன்னு சொன்னீங்களே."

புருல் அதைப் பொரித்து, ஆட்டுத்தலை வைக்கும் பெரிய தட்டின் நடுவில் வைத்தாள். தட்டில் மீனைத் தேட வேண்டியிருந்தது. கச்கின்பை இரண்டு கைகளையும் ஏந்தி முறையாக வாழ்த்துச் சொன்னார், கத்தியை எடுத்தார், மீன்தலையை இப்படியும் அப்படியும் புரட்டினார்.

"காதைக் காணோமே, சம்பந்தி. சின்னவங்களுக்கு எதைக் கொடுக்கிறது?"

தொக்தொசுனுக்கு முகம் சிவந்தது. பிறகு தொப்பியில்லாத தலையை அப்படியே அவர் முன்னால் குனிந்து நீட்டினார்.

"இந்தாங்க, என் காது. பொண்டாட்டி சொன்னதைக் கேக்காத காதுதான், தாராளமா அறுங்க."

கச்கின்பைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மடியில் காத்து வைத்திருந்த கல்பாக்கை எடுத்து, சம்பந்தியின் தலையில் காதுவரை இழுத்து மாட்டினார்.

"இவ்வளவு பெரிய காதை மூணு பேரால தின்னு முடிக்க முடியாது. தங்கச்சி, நீ சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு, அந்த டப்பா மீனை எடுத்துட்டு வாம்மா!"