சாலைக்கு மட்டும் வாங்கிய உடுப்பு

அக்தர் பானுவுக்கு நாற்பது தாண்டியும் குளிர் என்றால் என்னவென்று தெரியாது. நாகூரில் பிறந்தாள், காரைக்காலில் வாக்கப்பட்டாள், புருஷன் ஷம்சுல் ஆலமோடு சைகோனுக்கு வந்து சேர்ந்தாள். மூன்று ஊரிலும் கிடைத்தது வேர்வை ஒன்றுதான். மழைக்காலத்து விடியலில் நாகூர்க் கடற்காற்றுக்குத் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்ட ஞாபகம் உண்டு. அதைப் போய்க் குளிர் என்று சொன்னால், பக்கத்து அறை துய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

துய் மலைநாட்டுக்காரி. தேயிலை விளையும் பாவ் லொக் அவள் ஊர். சைகோனிலிருந்து வண்டியில் போனால் அரை நாளாகும். சைகோன் ஓரத்துத் தூ டுக் தொழில்பூங்காவில், ஒரு கம்பெனியில் மின்னணுப் பலகைகளுக்கு ஈயம் பற்றவைக்கும் வேலை பார்த்தாள். புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். மகளை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு இங்கே ஒற்றை அறையில் இருந்தாள்.

பானுவின் கதையும் ஏறக்குறைய அதுதான். யாரும் யாரையும் விட்டுப் போனதாக வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஷம்சுல் ஆலம் மிளகு வியாபாரத்தைக் கம்போடியாவில் நோம்பென்னுக்கு மாற்றிக்கொண்டு போனார். முதலில் வாரம் தவறாமல் வந்தார். பிறகு மாசத்துக்கு ஒரு தடவை. இப்போது பெருநாள் பார்த்து வந்தார். மகன் திருச்சியில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தான். சைகோன் நடுவே முதலாம் டிஸ்ட்ரிக்டில், பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டு, தூ டுக்கில் வாடகை அறைகள் வரிசையாக இருக்கும் ஒரு சந்துக்கு பானு வந்து சேர்ந்தாள். தொழில்பூங்காவில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு ஆக்கி ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த ஸ்கூட்டரை ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் துய்தான்.

வியட்நாமியர் தங்களைவிட மூத்த பெண்ணை 'சீ' என்று கூப்பிடுவார்கள். குடிவந்த புதிதில் துய் கதவைத் தட்டி, முகத்துக்கு நேரே "சீ!" என்றபோது பானுவுக்கு முகம் சுண்டிப் போயிற்று. 'நான் என்ன செய்துவிட்டேன் இவளுக்கு?' என்று அன்று முழுக்க வெந்துகொண்டிருந்தாள். இப்போது அந்தச் 'சீ' காதில் விழாமல் அவளுக்குப் பொழுது போவதில்லை.

தெத் என்னும் புத்தாண்டுப் பண்டிகை வந்தால் சைகோன் காலியாகிவிடும். ஊரில் வேர் உள்ளவர்களெல்லாம் பைக்கில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சாப்பாடு வாங்கும் பிள்ளைகளும் லீவு கிடைத்ததென்று ஊருக்குப் பறந்துவிடுவார்கள். எதிர்வீட்டு நாய்கூட எசமான் பைக்கின் முன்னால் ஏறி நின்றுகொண்டு போய்விடும். ஒரு வாரம் சந்தில் பானு மட்டும் இருப்பாள். போன வருஷம் அந்த ஒரு வாரமும் தன் குரலைத் தானே கேட்கவென்று சமையல் செய்துகொண்டே எதையாவது பேசிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் துய் சொன்னாள்: "சீ பானு, நீங்களும் வாங்க எங்க ஊருக்கு. ஆளுக்கொரு வண்டியில போவோம்."

"அவுங்க வந்தாலும் வருவாங்க" என்றாள் பானு. சொல்லும்போதே அவளுக்கு நம்பிக்கையில்லை. இருந்தாலும் புருஷனுக்குப் போன் போட்டாள்.

"மச்சான், தெத்துக்கு வாரியளா?"

"எங்கே புள்ளே. சரக்கு வந்து எறங்குது. நான் நவுர முடியாது."

"அப்ப துய்கூட அவ ஊருக்குப் போயிட்டு வரட்டுமா? வண்டியிலேயே."

"மலைக்கா? உனக்கு என்னா பைத்தியமா? வெறச்சிப் போயிடுவே."

"குளிரு எப்படி இக்கிதுன்னு பாக்கத்தான் போறேன்."

 போனில் அவருக்குப் பின்னால் யாரோ தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. யாரென்று பானு கேட்கவில்லை.

"சரி, காத நல்லா மூடிக்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.

குளிருக்கு உடுப்பு வாங்க இருவரும் சாயங்காலம் பா சியூ சந்தைக்குப் போனார்கள். கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பொதியாக வந்து இறங்கும் பழைய துணிகளைத் தார்ப்பாயில் மலையாகக் குவித்து விற்பார்கள். வேர்வை வடிய வடிய, ஆட்கள் கம்பளிக்குள் கை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

பானுவின் கண் முதலில் ஒரு சிவப்பு ஸ்வெட்டரில் விழுந்தது. கனமான பின்னல், கழுத்தில் வெள்ளைப் பூ. எடுத்து மார்பில் வைத்துப் பார்த்தாள்.

துய் அதை வாங்கித் துணியில் வாயைப் பொருத்தி ஊதினாள். "அந்தப் பக்கம் கையை வச்சுப் பாருங்க. என் மூச்சு வருதா?"

"வருது."

"என் மூச்சே வருது. மலைக்காத்து வராதா? நின்னுக்கிட்டு இருக்கிறவங்களுக்குத்தான் இது. வண்டியில போறவங்களுக்கு இது வலை மாதிரி. வேணும்னா உள்ளே போட்டுக்கங்க. மேலே காத்து நுழையாத ஒண்ணு வேணும்."

அப்புறம் துய் தேட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றையும் ஊதிப் பார்த்து விட்டெறிந்தாள். கடைசியில் கரும்பச்சை நிறத்தில் ஆண்பிள்ளை ஜாக்கெட் ஒன்று அகப்பட்டது. பானுவை அதைப் போடவைத்து, அங்கே கிடந்த பிளாஸ்டிக் முக்காலியில் உட்காரச் சொன்னாள்.

"வண்டி ஓட்டுற மாதிரி கையை நீட்டுங்க."

சந்தை நடுவில் பானு இல்லாத ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடைக்காரி சிரித்தாள். பானுவும் சிரித்தாள், அப்படிச் சிரித்து நெடுநாளாயிற்று. துய் மட்டும் சிரிக்காமல் சுற்றிவந்து பார்த்தாள். கையை நீட்டினால் மணிக்கட்டு தெரியக்கூடாது, குனிந்தால் இடுப்பு தெரியக்கூடாது, கழுத்து ஜிப் மோவாய் வரைக்கும் ஏறவேண்டும் என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. சல்வாருக்குமேல் போட்டுக்கொள்ளப் பஞ்சு வைத்த கால்சட்டை ஒன்று எடுத்தாள். கையுறையை மாட்டிவிட்டு, பிரேக் பிடிக்கிற மாதிரி விரலை மடக்கச் சொன்னாள். இரண்டு ஜோடி காலுறையை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டலாமா என்று பானு கேட்டதற்கு, "ஷூ இறுகினா கால் இன்னும் ஜில்லுன்னு ஆயிடும். தடிச்சதா ஒண்ணு போதும்" என்றாள்.

"தலைக்கு?"

துய் அவள் முக்காட்டைத் தொட்டுப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் கவலையே இல்லையே சீ. காது ஏற்கெனவே மூடித்தானே இருக்கு."

பானுவுக்கானது முடிந்ததும் துய் தனக்கு எடுக்க ஆரம்பித்தாள். பஞ்சு வைத்துத் தைத்த, கையில்லாத மேலுடுப்பு ஒன்று. வீட்டுக்குள் போடும் ரோமச் செருப்பு. தடித்த பருத்தியில் இரவுடுப்பு, ஒன்றல்ல, மாற்றி மாற்றிப் போட மூன்று.

"இதையெல்லாம் வண்டியில எப்படிப் போடுவே?" என்று பானு விளையாட்டாகக் கேட்டாள்.

"வண்டிக்கு இல்லே."

"அப்புறம்? நாலு நாள் லீவுக்கு மூணு உடுப்பா?"

துய் இரவுடுப்பை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். அப்போதுதான் பானுவுக்குப் பொறி தட்டியது. லீவுக்குப் போகிறவள் வாங்கும் துணி இல்லை இது. குளிரில் குடியிருக்கப் போகிறவள் வாங்குவது.

"நீ திரும்பி வரலியா?"

"அம்மாவுக்கு முட்டி போயிருச்சு சீ. எழுந்து அடுப்படிக்கு வர முடியலே. பொண்ணும் பெரியவளாகுறா. ஊர்ல பட்டுநூல் ஆலையில எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க." துய் தலை நிமிரவில்லை. "எப்படிச் சொல்றதுன்னு தெரியலே. அதான் உங்களையும் கூட்டிக்கிட்டுப் போகணும்னு நினைச்சேன்."

பானுவுக்கு அந்த நிமிஷத்தில் கோபம்தான் வந்தது. அம்மாவிடம், மகளிடம் போகிறவள்மேல் என்னவென்று கோபித்துக்கொள்வது? கடைக்காரியிடம் திரும்பி, ரோமச் செருப்பின் ஒரு தையல் விட்டிருக்கிறதென்று சண்டை போட்டு வேறு ஜோடி எடுக்கவைத்தாள். "தடிப்பாப் பார்த்து எடுங்க. இவ தினமும் போடப் போறா" என்றாள்.

லீவு விட்ட அன்று மத்தியானத் தொழுகையை முடித்துக்கொண்டு பானு கிளம்பினாள். துய்யின் வண்டியில் மூட்டைக்குமேல் மூட்டை, உச்சியில் சோற்றுக் குக்கர். சாலை முழுக்க அதே கோலம். பெண்கள் வெயிலுக்குப் பயந்து முழுக்கைச் சட்டையும் கையுறையும் முகமூடியும் போட்டுக் கண் மட்டும் தெரியப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் பானு யாருக்கும் வேற்றாளாகத் தெரியவில்லை. பியென் ஹோவா தாண்டி, மலைச்சாலைக்குத் திரும்பி, ரப்பர் தோட்டங்களைத் தாண்டிப் போனார்கள். காற்று அனலாகத்தான் அடித்தது. வாங்கின துணியெல்லாம் வீணோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

மலையடிவாரத்தில் துய் வண்டியை ஓரங்கட்டினாள். "இங்கே போட்டுக்கணும். குளிர ஆரம்பிச்ச பிறகு போட்டா சூடு தங்காது."

ஸ்வெட்டர், அதன்மேல் ஜாக்கெட், கால்சட்டை, கையுறை. வேர்த்துக் கொட்டியது. துய் அவளுக்கு முன்னால் நின்று ஜிப்பை மோவாய் வரைக்கும் ஏற்றிவிட்டு, முக்காட்டின் நுனியைக் காலருக்குள் செருகிவிட்டாள். சின்னப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதுபோல இருந்தது. பானு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலைந்து வளைவு ஏறியதும் வெயில் போய்விட்டது. அடுத்த வளைவில் மேகமே சாலைக்கு இறங்கியிருந்தது. முகத்தில் ஈரம் ஊசியாகக் குத்தியது. முதலில் மூக்கு நுனி போயிற்று, பிறகு முழங்கால், பிறகு கையுறைக்குள் விரல்கள் யாருடையதோபோல ஆயின. கண்ணில் நீர் வழிந்தது. அது காற்றால் என்றுதான் நினைத்துக்கொண்டாள். ஆனால் மார்பு மட்டும் ஜாக்கெட்டுக்குள் வெதுவெதுப்பாகவே இருந்தது. தன் உடம்பின் சூடு என்று ஒன்று இருப்பதை அவள் அன்றுதான் அறிந்தாள். அனலில் வாழ்கிறவர்களுக்கு அது தெரிவதில்லை. முன்னால் துய்யின் சிவப்பு விளக்கு மங்கி மறைவதும் மறுபடி தெரிவதுமாக இருந்தது. அதைத் தவறவிட்டுவிடக்கூடாதென்று பானு பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

துய்யின் வீட்டில் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அம்மா காலை நீட்டி உட்கார்ந்தபடியே இவள் கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டாள். இவள் தங்களைப்போல எல்லாம் சாப்பிடமாட்டாளென்று புதுச் சட்டி வாங்கி வைத்து முட்டையும் கீரையும் தனியாகச் செய்தார்கள். மகள் வெட்கப்பட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். துய் உள்ளே போய் முகம் கழுவி, பஞ்சு உடுப்பையும் ரோமச் செருப்பையும் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வந்ததும் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்பின்முன் உட்கார்ந்தாள். இந்த வீட்டைவிட்டு ஒரு நாளும் போகாதவள்போல இருந்தாள்.

பானு ஜாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தாள். தரையிலிருந்து குளிர் ஏறியது. மறுபடியும் மாட்டிக்கொண்டாள். வீட்டில் எல்லாரும் வீட்டு உடுப்பில் இருக்க, அவள் ஒருத்திதான் ஜிப்பை மோவாய் வரைக்கும் ஏற்றிக்கொண்டு, இதோ கிளம்பப்போகிறவள்போல உட்கார்ந்திருந்தாள். சாலைக்கு வேண்டியதையெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தார்கள். தங்குவதற்கென்று எதுவும் வாங்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில் புறப்படுகிறேன் என்றாள். துய் தடுத்துப் பார்த்தாள். பிறகு தன் பஞ்சு உடுப்பைக் கழற்றி, "இதை எடுத்துக்கிட்டுப் போங்க சீ" என்று நீட்டினாள்.

"அங்கே இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்? நீ போட்டுக்க. உனக்குத்தான் வேணும்."

"அடுத்த தெத்துக்கு வருவீங்கதானே?"

"வருவேன்" என்றாள் பானு. தான் சொல்வது மெய்யாகுமா என்று அவளுக்கே தெரியவில்லை. துய் வாசலிலிருந்து கையாட்டினாள். மகள் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

இறங்கும்போது முன்னால் விளக்கு எதுவும் இல்லை. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். அடிவாரத்தில் நிறுத்திக் கையுறையைக் கழற்றினாள். டின் குவான் ஊரின் சாலையோரப் பெரும்பாறைகள் வந்தபோது ஜாக்கெட்டைக் கழற்றி இருக்கைக்கு அடியில் திணித்தாள். ரப்பர் தோட்டத்து நிழலில் ஸ்வெட்டரும் பஞ்சுக் கால்சட்டையும் போயின. பியென் ஹோவா வரும்போது முதுகு நனைந்து, வழக்கம்போல மெல்லிய சட்டையில் வந்துகொண்டிருந்தாள். சாலை வெறிச்சென்று கிடந்தது. எல்லாரும் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

சந்தில் ஒரு கதவுகூடத் திறந்திருக்கவில்லை. பானு குளித்துவிட்டு, மலைமேகத்து ஈரமும் சாலைச்சேறும் பட்ட துணிகளைத் துவைத்தாள். வெளியே கொடியில் கொண்டுபோய்ப் போட்டாள். வழக்கமாக அந்தக் கொடியில் இடம் பிடிக்க துய்யோடு தினமும் ஒரு செல்லச் சண்டை நடக்கும். இப்போது முழுக்கொடியும் காலியாக இருந்தது. அவள் ஒவ்வொன்றையும் தாராளமாக இடம்விட்டுப் போட்டாள்: ஜாக்கெட், ஸ்வெட்டர், கால்சட்டை, கையுறை இரண்டும் தனித்தனியே.

போன் அடித்தது.

"வந்துட்டியா புள்ளே?"

"வந்துட்டேன் மச்சான்."

"குளிரா இந்துச்சா?"

"இந்துச்சு. தாங்கிக்கிட்டேன்."

"அப்பாடா. சரி, வைக்கட்டுமா? ஆளு வந்து நிக்கிறாங்க."

"வைங்க" என்றாள்.

சைகோன் வெயில் சந்துக்குள் நேராக இறங்கி அடித்துக்கொண்டிருந்தது. அவள் அடுப்பைப் பற்றவைத்து ஒரு ஆளுக்கான அரிசியைக் களைந்து போட்டாள். பொழுது சாய்வதற்குள் கொடியில் துணியெல்லாம் காய்ந்து மொடமொடத்துவிட்டது.