அக்கா சுற்றிய சக்கரம்

நாலரை மணிக்குப் பிலிப்புவின் முதல் கதை வானொலியில் வரப்போகிறது. நாலு இருபத்தெட்டுக்கு அவன் கை நடுங்கத் தொடங்கியது.

நடுங்கினால் ஆபத்து. சண்டையால் பருத்தித்துறையில் மின்சாரம் போய் இரண்டு வருஷமாகிறது, பற்றறியும் வருவதில்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினால் டைனமோ தரும் கரண்டில் றேடியோ கதைக்கும். வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். நின்றால் அவரும் போய்விடுவார்.

"தள்ளு அங்கால," என்றாள் அவனுடைய அக்கா அற்புதராணி. "காய்ச்சல்காரன்ரை கை மாதிரி ஆடுது. நான் சுத்துறன், நீ கேள்."

பிலிப்பு தயங்கினான். காரணம் இருந்தது. அந்தக் கதை அக்காவைப் பற்றியது. அது அக்காவுக்குத் தெரியாது.

அக்கா மீன் சந்தையில் வியாபாரம் செய்பவள். மத்தியானம் வந்து மீன் கடகப் பெட்டியைக் கழுவிக்கொண்டே அன்றைய சந்தையை முழுவதும் நடித்துக் காட்டுவாள். மீனின் செவுளை விரலால் கிண்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகும் வாத்தியார் மனைவி, பாரை மீனைத் தூக்கித் தூக்கி நிறை பார்க்கும் படகுக்காரச் சம்மாட்டியார், எல்லோரும் அவள் வாயில் வருவார்கள். கிழிந்த வலை தைத்துக்கொண்டிருக்கும் பிலிப்பு, நல்ல வசனம் ஒன்று விழுந்ததும் ஊசியைப் போட்டுவிட்டுப் பென்சிலை எடுப்பான். கடதாசி கிடைக்காத காலம். சவர்க்காரப் பெட்டி மட்டையைப் பிரித்து, உள்பக்கத்தில் எழுதுவான்.

ஆனால் இந்தக் கதையின் முடிவு அக்கா சொன்னதல்ல. அம்மா இறந்த அடுத்த வருஷம், பிலிப்புவுக்கு ஒன்பது வயது, அக்காவைப் பெண் பார்க்க ஒருவர் வந்து போனார். கலியாணம் நடக்கவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அவனாகவே தெரிந்துகொண்டான்: தன்னை விட்டுப் போக மனமில்லாமல் அக்கா மறுத்துவிட்டாள். அதைத்தான் எழுதி வானொலிக்கு அனுப்பினான். நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது. கதை முடிந்த பிறகே எழுதியவர் பெயரைச் சொல்வார்களாம். பிலிப்பு காத்திருந்தது அந்த ஒரு வரிக்குத்தான்.

நாலரை. அக்கா சுற்ற, றேடியோவில் ஒரு பெண் குரல் கதையை வாசிக்கத் தொடங்கியது. செவுள் கிண்டும் இடம் வந்ததும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எட, எங்கடை வாத்தியார் மனிசி! உவளை எப்பிடியடா பிடிச்சனீ?"

"சுத்தணை அக்கா."

குரல் கதையின் முடிவுக்கு வந்தது. 'தம்பியைத் தனியே விட்டுவிட்டு நான் எங்கே வருவேன் என்று சொல்லிவிட்டு, அவள் அடுப்படிக்குள் ஓடி விம்மி விம்மி அழுதாள்…'

குரல் கரகரத்தது. இழுத்தது. நின்றது. அக்கா பெடலை விட்டுவிட்டாள்.

"அக்கா! சுத்து! பேர் சொல்லப் போகினம்!"

"இருடா. உது ஆர், நானே?"

பிலிப்பு றேடியோவைப் பார்த்தான். அது உதவவில்லை. "ஓம்."

"நான் எப்பயடா அடுப்படியில அழுதனான்? அண்டைக்கு அவையள் போனாப்போல, மிஞ்சின பலகாரத்தை அடுப்படியில நிண்டு திண்டனான்."

"அப்ப ஏன் வேண்டாமெண்டனீ? எனக்காகத்தானே?"

"உனக்காகவோ! உன்னையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லித்தான் அந்த மனிசன் சொன்னது. அதில குறை சொல்லேலாது."

"பிறகு?"

"தேத்தண்ணி குடுத்தன். கோப்பையை வாங்கி, முதல்ல மோந்து பாத்தான். பிறகுதான் வாயில வைச்சான். ரெண்டு தரம் சவுக்காரம் போட்டுக் கழுவின கையடா. அந்த மூக்கோட நான் காலம் முழுக்கச் சீவிக்கிறதோ?"

தனக்காகக் கலியாணத்தை விட்டவள் என்று நினைத்து, பதினாறு வருஷமாகச் சட்டியில் வரும் மீன் தலையைப் பிலிப்பு அக்காவின் பக்கம் தள்ளி வந்திருக்கிறான். அதைச் சொன்னான்.

"அதுக்கோ தள்ளினனீ? விசரா! எனக்குத் தலை பிடிக்காது. நீ ஆசையாத் தாறாய் எண்டு திண்டனான்."

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. "ஐயோ, உன்ரை பேர்!"

குனிந்து வெறிபிடித்தவள் போலச் சுற்றினாள். றேடியோ விழித்துக்கொண்டது. சினிமாப் பாட்டு.

அக்காவின் கை பெடலிலேயே இருந்தது. "நான் கெடுத்துப்போட்டன், என்ன?" என்றாள் மெதுவாக. அவளுடைய குரல் இப்படித் தணிந்து பிலிப்பு கேட்டதில்லை. பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தான்.

வேலிக்கு மேலே ஒரு தலை எழும்பியது. பக்கத்து வீட்டு இன்னாசித்தம்பி.

"பிலிப்பு! பருத்தித்துறை சி. பிலிப்பு எண்டு வடிவாச் சொன்னவையடா! என்ரை மனிசி இன்னும் மூக்குச் சிந்திக்கொண்டிருக்கிறாள். பாவமடா அந்தப் பொம்பிளை!"

தலை மறைந்தது. அக்காவின் குரல் பழைய உயரத்துக்குத் திரும்பியது.

"கேட்டியே? பாவமாம்! நாளைக்குச் சந்தை முழுக்க என்னைப் பாத்து அழப்போகுது. எழுதடா. நடந்ததை நடந்தமாதிரி எழுதி அனுப்பு."

"மட்டை முடிஞ்சுது."

உள்ளே போனாள். வீட்டிலிருந்த கடைசிச் சவர்க்காரத்தை உருவி வைத்துவிட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். பிலிப்பு அதைப் பிரித்து முழங்காலில் வைத்தான்.

"அந்தக் கோப்பை எப்பிடி இருந்தது?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "நீலக் கரை போட்டது. அம்மாவின்ரை. வாயில சின்னதா ஒரு உடைவு. வாறவைக்குத் தெரியக்கூடாதெண்டு, அந்தப் பக்கத்தை விரலால மறைச்சுத்தான் நீட்டினனான்."

பிலிப்பு எழுதிக்கொண்டே வந்தவன், 'விரலால மறைச்சு' என்ற இடத்தில் நின்றுவிட்டான். அப்படியென்றால் அக்காவுக்கு அந்தக் கலியாணத்தில் ஆசை இருந்திருக்கிறது. அக்காவை நிமிர்ந்து பார்த்தான்.

"ஏன்ரா நிப்பாட்டினனீ?" என்றாள் அவள். "எழுது."