அவளுக்கு எரியாத விளக்கு

தலை சீவிவிட வேண்டும், சீப்பு எங்கே என்று அக்கா கேட்டாள். வண்டியில் இருக்கும் என்று சொல்லிவிட்டு அவள், இறந்து கிடந்த தன் கணவன் பக்கத்திலிருந்து எழுந்து வெளியே வந்தாள். வாசலில் கொழுந்தன் அண்ணனுடைய பிக்கப்பிலிருந்து வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தான். இன்ஜினை அணைக்கவில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து சீப்பை எடுத்து நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

டேஷ்போர்டில் பிரேக் கோளாறைக் காட்டும் ஏபிஎஸ் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

"தம்பி, இது எப்பலேருந்து எரியுது?"

"அதுவா? அது எப்பவும் எரியுமே அண்ணி. அண்ணிகிட்ட காட்ட வேண்டியதுதானேன்னு அண்ணன்கிட்ட கேட்டேன். பிரேக் நல்லாத்தான் பிடிக்குது, நீ உன் வேலையப் பாருன்னுட்டாரு."

கணவனின் சாவுக்கும் பிரேக்குக்கும் சம்பந்தமில்லை. விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றான். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அவளைப் பிடித்து நிறுத்தியது வேறு.

கல்யாணத்துக்கு முன்பு அவள் ஒரு பட்டறையில் வண்டி எலக்ட்ரிக் வேலை பார்த்தாள். ஏபிஎஸ் விளக்கு எரிகிறது என்று இதே பிக்கப்பை ஓட்டிக்கொண்டு அவன் வருவான், அப்போது வெறும் நெட்டை டிரைவராக. அவள் ஏறி ஸ்டார்ட் செய்தால் விளக்கு மற்ற விளக்குகளோடு ஒரு கணம் எரிந்து சமர்த்தாக அணைந்துவிடும். வயர் எங்கேயாவது அறுந்திருக்கிறதா என்று நாலு சக்கரத்திலும் மீட்டர் வைத்துப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. அடுத்த வாரம் மறுபடி வந்து நிற்பான். "லைட்டு வண்டியில எரியுதா, டிரைவர் கண்ணுல எரியுதா?" என்று பெயின்டர் கேட்க, பட்டறையே சிரிக்கும். ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள்: "நெஜமா எரியுதா, இல்ல என்னைப் பாக்க வர்றீங்களா?" அவன் தலையைச் சொறிந்துகொண்டு தரையைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு பெண் கேட்க வந்தான். அதற்குப் பிறகு அந்த விளக்கைப் பற்றி அவன் பேசியதே இல்லை.

"பொய் சொல்லியே என்னைக் கட்டினவர்" என்று அவள் எல்லோரிடமும் சொல்வாள். அவன் மறுத்ததே கிடையாது. நகத்துக்குள் கிரீஸோடு நின்ற ஒருத்திக்காக ஒருவன் இல்லாத கோளாறை உண்டாக்கிக்கொண்டு வந்தான் என்பதைவிடப் பெரிய நகை எதுவும் அவளிடம் இல்லை.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எடுத்துவிடுவார்கள். அதற்குள் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் அந்த முகத்தைப் பார்த்து எப்படி அனுப்புவது?

உள்ளே போய்த் தன் வேலைப் பையை எடுத்து வந்தாள். அந்தக் காலத்துப் பட்டறையில் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் கிடையாது. இப்போது அவளிடமே ஒன்று இருந்தது. மாட்டினாள். பின்பக்க வலது சக்கரத்து சென்சார், வயர் அறுந்திருக்கிறது என்று காட்டியது. இன்ஜினை அணைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை; வழக்கம்போல சீட்டை முன்னால் இழுத்து ஸ்டார்ட் செய்தாள். விளக்கு எரிந்து அணைந்தது.

கீழே இறங்கினாள்.

"தம்பி, நீ ஏறி உக்காரு."

அவனும் அண்ணனைப் போல நெட்டை. ஏறியதும் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினான். ஸ்டார்ட் செய்தான். விளக்கு அணையவில்லை.

அவள் மண்டியிட்டுக் கார்ப்பெட்டைத் தூக்கினாள். பின் சக்கரத்துக்குப் போகும் வயர் கிளிப்பிலிருந்து விலகி, சீட் ரயிலுக்கு அடியில் கிடந்தது. மேல் ரப்பர் லேசாக நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். உள்ளே செம்பு துண்டாகியிருக்கும்; சீட் முன்னால் வந்தால் ஒட்டும், பின்னால் போனால் விலகும்.

"உள்ள புருஷன் கிடக்கான், இவ வண்டி பாக்குறா" என்று வாசலில் அத்தையின் குரல்.

"விடுங்க அத்தை" என்றாள் அக்கா. "அவ அழறது அப்படித்தான்."

"வண்டிய ஆஃப் பண்ணிட்டு சீட்டை முன்னாடி இழு" என்றாள் அவள். மீட்டரை வைத்தாள். எண் வந்தது. "பின்னால தள்ளு." எண் போய்விட்டது.

"அப்ப நெஜமாவே லைட்டுக்குத்தான் வந்திருக்காரு" என்றாள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை முன்னாடி இழு."

அவன் இழுத்தான். முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணன் எப்படித்தான் இப்படி உக்காந்து ஓட்டினாரோ. நீங்க பக்கத்துல ஏறினா மட்டும் சீட்டை இழுத்துக்குவாரு. ஸ்கூல் பெஞ்சுல உக்காந்த மாதிரி இருக்குன்னு நான்கூட கேலி பண்ணுவேன்."

 இடுப்பு வலி, நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் நல்லது என்பான் அவளிடம். தூரப் பயணம் போய் இறங்கினால் கதவைப் பிடித்துக்கொண்டு முட்டியைத் தேய்த்தபடி நிற்பான். வயசாகிப்போச்சு உங்களுக்கு என்று அவள் சிரிப்பாள். அவனும் சிரிப்பான். அவள் பக்கத்தில் இருந்தவரை அந்த விளக்கு ஒருநாளும் எரிந்ததில்லை.

"சரி பண்ணிடலாமா அண்ணி? சின்ன வேலைதானே?"

"வேண்டாம்."

கார்ப்பெட்டை இருந்தபடியே விரித்து, ஓரத்தைக் கையால் அழுத்திவிட்டாள்.

தெருமுனையில் அமரர் ஊர்தி திரும்பும் சத்தம் கேட்டது. ஆண்கள் நாற்காலிகளிலிருந்து எழுந்தார்கள். அவள் உள்ளே போய்ச் சீப்பை அக்காவிடம் கொடுத்தாள். கூடத்தில் கட்டிலை மூலைக்குத் தள்ளிப் போட்டிருந்தார்கள். அவன் நீளத்துக்கு அது போதவில்லை. பாதங்கள் சுவரில் முட்டிக்கொண்டிருந்தன. அக்கா சீவி முடித்தாள். தூக்குவதற்கு இரண்டு பேர் குனிந்தார்கள்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் அவள். "கட்டிலைப் பின்னால இழுங்க. கால் இடிக்குது."

"இப்பத் தூக்கத்தானே போறோம்மா" என்றாள் அத்தை.

"தெரியும். இழுங்க."

கொழுந்தன் தலைமாட்டைப் பிடித்தான். கட்டில் தரையை உரசிக்கொண்டு நகர்ந்தது. அவள் குனிந்து, அவன் பாதங்களுக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டு, இடம் போதுமா என்று பார்த்தாள்.