மிதிபடக் காத்திருந்த துணி

ஸர்கா என்ற பெண்ணொட்டகத்துக்கு மக்பூலாவின் மேல் மட்டும்தான் கோபம். அவள் கணவன் சிதாத்தி மடியில் கை வைத்தால் பரம சாதுவாக நிற்கும். மக்பூலா பால் சட்டியோடு வந்தால் பல்லை நறநறவென்று கடிக்கும். முந்தாநாள் தோளையே கவ்வப் பார்த்தது. காரணம் அவளுக்குத் தெரியும். போன கோடையில் தம்பியின் கல்யாண விருந்துக்கு ஸர்காவின் கன்றைக் கயிறு பிடித்து ஓட்டிப் போனவள் அவள்தான்.

"ஒட்டகம் எதை மறந்துச்சு?" சிதாத்தி மூன்றாவது கிளாஸ் தேநீரை உயரத் தூக்கி ஊற்றினான். "நீதான் சர்க்கரை டப்பாவ எங்க வெச்சேன்னு தினமும் தேடுற."

"கிண்டல் பண்ணாதீங்க. நாளைக்குக் கசாப்புக்காரன் வர்றான்னு சொன்னது நிஜமா?"

"பின்ன? உன்னக் கீழ தள்ளி நெஞ்சு மேல உக்காந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது? உன் துணியப் போட்டுப் பாரு. மிதிச்சு ஆத்திரம் தீந்துச்சுன்னா இருக்கட்டும். இல்லைன்னா வித்துடலாம்."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. கறுவிக்கொண்டிருக்கும் ஒட்டகத்தின் முன்னால் ஆள் உடுத்திய துணியைப் போட்டுவிடுவார்கள். ஆளென்று நினைத்து அது மிதித்துத் தள்ளிவிட்டால், பிறகு பகை இல்லை.

மக்பூலா உடம்பைச் சுற்றியிருந்த நீல மெல்ஹஃபாவை அவிழ்த்து, வேறொன்றைச் சுற்றிக்கொண்டாள். மாலை வெயிலில் மணல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஆள் படுத்திருக்கும் வாக்கில் துணியை விரித்துவிட்டுக் கூடாரத்துக்குள் ஒளிந்துகொண்டாள். காற்றில் அதன் மடிப்பு மெல்ல எழுந்து தணிந்தது, மூச்சு விடுவது போல. அங்கே கிடப்பது தான்தான் என்றே அவளுக்குத் தோன்றியது. மிதி தாயி, ஆசை தீர மிதி என்று வேண்டிக்கொண்டாள்.

ஸர்கா வந்தது. கழுத்தை இறக்கி ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மோந்தது. காலைத் தூக்கவில்லை. துணி மேல் படாமல், பக்கத்தில் பதனமாக மடங்கி உட்கார்ந்தது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. ஈன்றவள் தன் கன்றுக்கு மட்டும் கொடுக்கும் குரல் அது.

மக்பூலாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கன்று பிறந்த குளிர்விடியலில் ஈரம் துடைத்து, இந்தத் துணியில்தான் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அதற்கப்புறம் எத்தனை முறை துவைத்திருப்பாள்.

சிதாத்தி எட்டிப் பார்த்துச் சிரித்தான். "பாத்தியா, மன்னிச்சிருச்சு. கசாப்புக்காரன வர வேண்டாம்னு சொல்லிடுறேன். போய்த் துணிய எடு."

"எடுக்க மாட்டேங்க. அது என்னைய நெனைக்கல." அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "மிதிச்சிருந்தாத் தேவலை."